இது எந்தக் கொக்கு? திருகோணமலையில் எடுத்த படங்களோடு வரும் கேள்விகள்

நான் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுத்துப் பிழைப்பவன். வேலை இல்லாத காலைகளில் தம்பலகாமம் வயல் வரம்பிலோ கிண்ணியாப் பாலத்தடியிலோ கமராவோடு நிற்பேன். இது ஊருக்குள் தெரியவந்த பிறகு, யார் எங்கே ஒரு வெள்ளைப் பறவையைப் படம் பிடித்தாலும் அது என் போனுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு வரி: "அண்ணா, இது என்ன கொக்கு?" ஒரே பதிலை எத்தனை தரம் தட்டச்சு செய்வது? அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாம் கொக்குத்தானே? இதில் என்ன வகை?

என் அம்மாவும் இன்றுவரை இதைத்தான் கேட்கிறார். எங்கள் பக்கத்தில் வயலிலும் குளத்திலும் களப்பிலும் நிற்கிற முழு வெள்ளைக் கொக்கு பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: மாட்டுக்கொக்கு, சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. மாட்டுக்கொக்கைச் சிலர் உண்ணிக்கொக்கு என்பார்கள். சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் மாட்டுக்கொக்கு அரை மீட்டர் அளவு, சின்னக் கொக்கு 55 முதல் 65 சென்ரிமீட்டர், நடுத்தரக் கொக்கு 70ஐ ஒட்டி, பெரிய கொக்கு 80 முதல் ஒரு மீட்டர் வரை.

படித்தால் இலகுவாகத்தான் இருக்கும். படத்தில் அடிமட்டம் வைத்து அளக்க முடியாது என்பதுதான் சிக்கல். தனியாக நிற்கும் கொக்கின் உயரத்தைப் படத்தை வைத்துச் சொல்லப் போய் நானே பல தரம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

சரி, படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பாதத்தை. நிறைய பேர் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பிறகு முகத்துக்கு வரலாம், முதலில் கீழே போங்கள்.

கால் கறுப்பு, ஆனால் பாதமும் விரல்களும் பளிச்சென்று மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. கறுப்புக் காற்சட்டைக்கு மஞ்சள் சொக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். மற்ற மூன்றுக்கும் இந்த அடையாளம் கிடையாது. பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் பாதம் வரை கறுப்பு. மாட்டுக்கொக்கின் கால் மங்கலான பச்சை கலந்த சாம்பலில் இருந்து கறுப்பு வரை மாறும்.

பாதம் முடிந்தால் சொண்டு. சின்னக் கொக்குக்கு ஒல்லியான கறுப்புச் சொண்டு, ஆண்டு முழுவதும் கறுப்பு. மாட்டுக்கொக்குக்குக் கட்டையான மஞ்சள் சொண்டு. மற்ற இரண்டுக்கும் சாதாரண காலத்தில் மஞ்சள், இனப்பெருக்க காலத்தில் கறுப்பு. எல்லாருக்கும் தலைவலி தொடங்கும் இடம் அதுதான், அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

கால் தண்ணீருக்குள் இருக்கிறதே, பாதத்தை எப்படிப் பார்ப்பது?

காத்திருங்கள். கொக்கு ஒரே இடத்தில் நின்றாலும் காலைத் தூக்காமல் இராது. சின்னக் கொக்கு என்றால் வேலை இன்னும் சுலபம், அதற்குச் சும்மா நிற்கத் தெரியாது. கிண்ணியாப் பாலத்தடியில் நீர் வற்றிய ஒரு காலையில் ஒன்றைக் கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு காலை முன்னே நீட்டி, சேற்றைப் பாதத்தால் கிடுகிடுவென்று அதிரவைத்தது. கலங்கிய தண்ணீரில் மஞ்சள் விரல்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. உள்ளே ஒளிந்திருந்த ஏதோ ஒன்று பாய, சொண்டு அதைவிட வேகமாகப் பாய்ந்தது. அப்புறம் இரண்டு அடி ஓடி, இறக்கையை அரைவாசி விரித்து, திரும்பவும் அதே ஆட்டம். கால் முழுக்க மறைந்திருந்தாலும், படத்தில் கொக்கு ஓடிக்கொண்டோ துள்ளிக்கொண்டோ இருந்தால் என் மனது முதலில் சின்னக் கொக்கின் பக்கம்தான் போகும்.

இன்னொரு வழி, அது பறந்து எழும் வரை பொறுத்திருந்து ஒரு தொடர் கிளிக். பறக்கும்போது கால் வாலுக்குப் பின்னால் நீண்டு நிற்கும், பாதத்தின் நிறம் அப்போது அப்பட்டமாகத் தெரியும். அதற்காகக் கல்லெறிந்து எழுப்பக் கூடாது. எழுப்பியவர்களைப் பார்த்திருப்பதால்தான் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். வயல் சேற்றில் நடந்த கொக்கின் மஞ்சள் பாதம் கறுப்பாகத்தான் தெரியும். சேறு காய்ந்தால் கறுத்த பாதம்கூட மங்கிய பழுப்பாகிவிடும். ஒரே ஒரு படத்தை வைத்துப் பாதத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா? இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகிறது.

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. தம்பலகாமத்தில் எடுத்த ஒரு படத்தை இரண்டு வருடம் "பெரிய கொக்கு" என்று பெயரிட்டு வைத்திருந்தேன். பெரிதாக அச்சிட்டு மேசையில் வைத்த அன்றுதான் கடைவாயைக் கவனித்தேன். நடுத்தரக் கொக்கு.

கடைவாய்க் கோடு என்று நான் சொல்வது, சொண்டு பிளக்கும் இடத்திலிருந்து கன்னத்தில் ஓடும் மெல்லிய கோடு. பறவையின் பக்கவாட்டு முகத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். பெரிய கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். கல்யாணப் பெண்ணுக்கு மை தீட்டும்போது கண்ணின் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓர் இழுப்பு இழுப்பார்களே, ஏறக்குறைய அப்படி. இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களில் நான் முதலில் நம்புவது இதைத்தான். நிறம் பருவத்தோடு மாறும், உயரம் கோணத்தோடு ஏமாற்றும், இந்தக் கோடு அந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனால் படம் பக்கவாட்டில் இருக்க வேண்டும், கண் கூர்மையாக விழுந்திருக்க வேண்டும். நேர் முகமாகப் பார்க்கும் கொக்கில் இதைத் தேடாதீர்கள்.

அடுத்தது கழுத்து. பெரிய கொக்கு கழுத்தை நீட்டி நிற்கும்போது அது உடம்பை விடத் தெளிவாக நீளம். கைவிரலைத் திரையில் வைத்து அளந்து பாருங்கள்: உடம்பு ஒரு பங்கு என்றால் கழுத்து ஒன்றரைப் பங்கு வரும். நடுத்தரக் கொக்குக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். கழுத்தை மடக்கி நிற்கும்போது, பெரிய கொக்கின் கழுத்தில் ஓரிடத்தில் எலும்பு முறிந்தது போல ஒரு கூர்மையான மடிப்புத் தெரியும். கொக்கு இனத்தின் கழுத்தில் ஆறாவது முள்ளெலும்பு நீண்டிருப்பதால் வரும் மடிப்பு அது. எல்லாக் கொக்குக்கும் உண்டு, பெரிய கொக்கில்தான் இப்படித் துருத்திக்கொண்டு நிற்கும். நடுத்தரக் கொக்கின் வளைவு மென்மையானது.

தலையும் கொஞ்சம் உதவும். பெரிய கொக்குக்கு நெற்றி சப்பை, சொண்டு நீண்ட ஈட்டி. நடுத்தரக் கொக்குக்குத் தலை உருண்டை, சொண்டு அதைவிடக் கட்டை, மஞ்சள் சொண்டின் நுனியில் பெரும்பாலும் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டைக் கண்டால் சந்தோஷப்படலாம், காணாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

நிற்கும் தோரணையையும் சொல்லிவிடுகிறேன், இது சட்டம் இல்லை, என் பழக்கம். குளத்தின் நடுவில், தொடை வரை தண்ணீரில், ஒரு பக்கம் சாய்ந்து அசையாமல் நிற்பது பெரிய கொக்காக இருக்கும். புல் முளைத்த ஈர வயலில் ஒவ்வோர் அடியாக எண்ணி வைத்து நடப்பது நடுத்தரக் கொக்காக இருக்கும்.

சொண்டு கறுப்பு, கால் கறுப்பு, பாதமும் கறுப்பு. அப்படியென்றால்?

இனப்பெருக்க கால உடை போட்ட பெரிய கொக்கு அல்லது நடுத்தரக் கொக்கு. சொண்டு கறுப்பு என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னக் கொக்கு என்று எழுதி அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் பிழைக்கின்றன. மாற்றம் ஓர் இரவில் நடப்பதில்லை என்பதால், பாதி மஞ்சள் பாதி கறுப்பாகவும் சொண்டு இருக்கும். அதைப் பார்த்து "புது இனம் கண்டுபிடித்தேன்" என்று ஒரு தம்பி எழுதினார். அந்த உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கெடுத்தேன்.

இந்தக் காலத்தில் கண்ணுக்கும் சொண்டுக்கும் இடையில் உள்ள வெறும் தோலின் நிறமும் மாறும். பெரிய கொக்கில் அது பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ ஒளிரும். சின்னக் கொக்கில் சில நாட்களுக்கு இளஞ்சிவப்பாகும். பெரிய கொக்கின் கால் மேற்பகுதியும் சிவக்கும். மாட்டுக்கொக்குக்குச் சொண்டு, கால், கண் எல்லாமே கொஞ்ச நாள் சிவந்துவிடும். இந்த உச்ச நிறங்கள் நீடிப்பது மிகக் குறைந்த காலம்தான். உங்கள் படத்தில் விழுந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

முதுகில் சரிகை மாதிரித் தொங்குகிறதே, அது என்ன?

தூவி. துணை தேடும் காலத்தில் முளைக்கும் அலங்கார இறகு. அது எங்கெங்கே இருக்கிறது என்பதை வைத்தே இனத்தைச் சொல்லலாம். பெரிய கொக்குக்கு முதுகில் மட்டும், வாலைத் தாண்டித் தொங்கும். நடுத்தரக் கொக்குக்கு முதுகிலும் நெஞ்சிலும் உண்டு, தலையில் இல்லை. சின்னக் கொக்குக்கு முதுகு, நெஞ்சு இரண்டோடு பிடரியில் இரண்டு நீண்ட தனித் தூவிகள். காற்றில் அந்த இரண்டும் நாடா போல ஆடும். அதோடு சின்னக் கொக்கின் முதுகுத் தூவிகள் நுனியில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்.

இந்தத் தூவிக்காகத்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பி அலங்காரத்துக்கென்று கொக்குகளை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். கூட்டில் இருக்கும் காலத்தில்தான் தூவி வரும் என்பதால், தாயைச் சுட்டால் குஞ்சும் பட்டினியில் சாகும். அதை எதிர்த்துச் சில பெண்கள் 1889இல் இங்கிலாந்தில் தொடங்கிய சங்கம்தான் இன்றைக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு.

மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாட்டுக்கொக்குத்தானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் மாட்டைப் பார்த்துக் கொக்குக்குப் பெயர் வைக்கக் கூடாது. எருமை கலக்கிய தண்ணீரில் மீன் மேலே வரும் என்று சின்னக் கொக்குக்கும் தெரியும். நடுத்தரக் கொக்கும் மாட்டுப்பட்டியின் ஓரத்தில் வந்து நிற்கும். மறுபக்கம், மாடே இல்லாத இடத்தில் லாண்ட்மாஸ்டர் உழுதுகொண்டு போனால் அதன் பின்னால் முப்பது மாட்டுக்கொக்கு நடந்து போகும். அவற்றுக்கு மாடும் ஒன்றுதான் மெஷினும் ஒன்றுதான். வெட்டுக்கிளியும் தவளையும் கிளம்பினால் போதும். உண்ணியையும் பிடுங்கும், ஆனால் வயிறு நிரப்புவது உண்ணி இல்லை.

மாட்டுக்கொக்கை முகத்தில்தான் பிடிக்க வேண்டும். சொண்டு கட்டை. சொண்டுக்குக் கீழே தாடையில் இறகு புடைத்துக்கொண்டு, தாடைக்கட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும். கழுத்தும் மற்றக் கொக்குகளைவிடக் குட்டை, நிற்கும்போது கொஞ்சம் கூனும். ஒரு தரம் மனதில் பதிந்துவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

தலையும் கழுத்தும் மஞ்சளாக இருக்கிறது. கொக்குக்கு நோயா?

இல்லை, கல்யாணக் களை. இனப்பெருக்க காலத்தில் மாட்டுக்கொக்கின் தலை, கழுத்து, முதுகு எல்லாம் செம்மஞ்சளாகும். மஞ்சள் தண்ணீர் வார்த்த மாதிரி. எங்கள் பக்கத்து மாட்டுக்கொக்கு கிழக்கத்தைய இனம், அதற்கு இந்த நிறம் தலை முழுக்கவும் கழுத்திலும் நல்ல அடர்த்தியாக வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மாலை ஐந்தரை மணி வெயிலில் எந்த வெள்ளையும் பொன்னிறமாகத்தான் விழும். சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் வயிற்றைப் பாருங்கள். வயிறும் மஞ்சளாக இருந்தால் அது சூரியனின் வேலை. தலை, கழுத்து, முதுகு மட்டும் மஞ்சள், வயிறு வெள்ளை என்றால் கொக்கின் நிறம்.

படத்தை வைத்து உயரத்தை மதிப்பிட ஏதாவது வழி?

பக்கத்தில் தெரிந்த உருவம் ஒன்று இருந்தால் மட்டும். சின்ன நீர்க்காகம் ஏறக்குறைய அரை மீட்டர். அதன் பக்கத்தில் கொக்கு இரண்டு மடங்காக நின்றால் பெரிய கொக்கு, கொஞ்சம்தான் கூட என்றால் சின்னக் கொக்கு. நல்லது என்னவென்றால், இரண்டு கொக்கு ஒன்றாக நிற்கும் படம். ஆனால் இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கின்றனவா என்று பாதம் ஊன்றிய இடத்தைப் பாருங்கள். நீண்ட லென்ஸ் தூரத்தைச் சப்பையாக்கிவிடும், பின்னால் நிற்பது பக்கத்தில் நிற்பது மாதிரித் தெரியும். குடும்பப் படத்தில் பின்வரிசைச் சித்தப்பா குள்ளமாகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

வெள்ளை எல்லாம் வெளுத்துப்போய் ஒரு பொட்டலம் மாதிரி வருகிறது. என்ன செய்ய?

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே தெரியாமல் போவதும் கொக்கின் இறகு தெரியாமல் போவதும் ஒரே வியாதி. கமரா தான் பார்க்கும் காட்சி முழுவதையும் சேர்த்துச் சராசரியாக்கி வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பச்சை வயலில், கறுத்த சேற்றில் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு நின்றால், கமரா வயலுக்கு வெளிச்சம் கூட்டுகிறது. கொக்கு எரிந்துபோகிறது. எரிந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே தகவலே பதிவாகவில்லை.

வெளிச்ச ஈடு (exposure compensation) என்று ஒரு குறி பெரும்பாலான கமராவில் இருக்கும். அதை மைனஸ் 0.7இலிருந்து மைனஸ் 1.3 வரை இறக்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை, வயலைப் பின்னர் வெளுக்கவைக்கலாம். போனில் எடுப்பவர்கள் கொக்கின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சின்னச் சூரியனைக் கீழே இழுங்கள். ஆனால் கொக்கு சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது கமரா கொக்கைச் சாம்பலாக்கிவிடும், ஈட்டைக் குறைக்கவே தேவையில்லை.

நேரம், காலை ஆறரையிலிருந்து எட்டு வரை. அதற்குப் பிறகு எங்கள் ஊர் வெயிலில், அதுவும் கச்சான் காற்றுக் காலத்தில், வெள்ளைக் கொக்கும் சரி எடுப்பவனும் சரி ஒன்றும் மிஞ்சாது. சூடேறிய வயலுக்கு மேலே காற்று நெளியத் தொடங்கினால் எவ்வளவு விலையான லென்ஸும் கடைவாய்க் கோட்டைக் காட்டாது.

அனுப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், கோடு போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள். வெட்டாத முழுப் படம் ஒன்று, முகம் மட்டும் ஒன்று, கால் ஒன்று. எடுத்த திகதி, இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி. அழகுக்காக வெட்டும்போது பெரும்பாலானோர் முதலில் வெட்டுவது பாதத்தைத்தான். தயவு செய்து வேண்டாம்.

பறக்கும்போது எடுத்தேன், முழு வெள்ளை. உட்கார்ந்ததும் காணாமல் போய்விட்டது!

அது குருட்டுக்கொக்கு, மடையான் என்றும் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் கோடு கோடாக இருக்கும். காலடிக்குப் பக்கத்தில் போகும் வரை அசையாது, எழும்பினால் திடீரென்று வெள்ளை இறக்கை. முதுகைப் பாருங்கள், பழுப்பாக இருக்கும்.

பறக்கும் படத்தில் இன்னொன்று: கொக்கு கழுத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு பறக்கும். கழுத்தை நீட்டிப் பறக்கும் வெள்ளைப் பறவை என்றால் கொக்குப் பட்டியலை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வெளியே வந்தால் என்னென்ன?

சொண்டு அகப்பை மாதிரித் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். தலை மொட்டையாகக் கறுத்து, சொண்டு அரிவாள் போல வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, சொண்டை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. சொண்டு தெரிந்தால் இவற்றில் குழப்பமே வராது. கரண்டிவாயன் தூங்கும்போது சொண்டை முதுகுக்குள் செருகிக்கொள்ளும், அப்போது மட்டும் தூரத்திலிருந்து கொக்கு மாதிரி ஏமாற்றும்.

சொண்டு மஞ்சளும் பழுப்புமாக இருக்கிறது, பாதம் மஞ்சள். ஐந்தாவது கொக்கா?

ஆகலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். கரைக்கொக்கு என்று ஒன்று இருக்கிறது. அதன் சாம்பல் வடிவம்தான் வழக்கம், வெள்ளை வடிவமும் உண்டு. இலங்கைக்கு அரிதாகக் குளிர்காலத்தில் வரும், அதுவும் மன்னார்ப் பக்கக் கடற்கரைகளுக்கு. அதற்குச் சொண்டு சின்னக் கொக்கைவிடத் தடிப்பு, கால் பச்சை கலந்த பழுப்பு. இங்கே திருகோணமலையில் அப்படி ஒன்றைக் கண்டால், முதலில் அது இளம் சின்னக் கொக்காக இருக்குமா என்று யோசியுங்கள். இளசுகளுக்குச் சொண்டின் அடிப்பகுதி வெளிறியும் கால் பச்சையாகவும் இருப்பது சாதாரணம். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் பல கோணத்தில் பத்துப் படம் எடுத்து வையுங்கள்.

செயலி சொல்வதை நம்பலாமா?

மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டையும் நானும் வைத்திருக்கிறேன். கரண்டிவாயனையும் மாட்டுக்கொக்கையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் மங்கலான படத்தில் கொடுத்தால், நம்மைப் போலவே ஊகிக்கும், ஆனால் நம்மைப் போலத் தயங்காது. அது சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, "எந்த அடையாளத்தால்?" என்று நீங்களே ஒருமுறை படத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெயரை விடுங்கள்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். நடுத்தரக் கொக்கின் அறிவியல் பெயர் பழைய நூல்களில் வேறு பேரினத்தில் இருக்கும், இப்போது பெரிய கொக்கோடு ஒரே பேரினம். மாட்டுக்கொக்கையும் மேற்கு, கிழக்கு என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். நூலும் செயலியும் முரண்பட்டால் பதற வேண்டாம்.

எங்கே போனால் நான்கையும் ஒரே நாளில் பார்க்கலாம்?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமம் வயல்வெளி. பெரும்போகத்துக்கு உழுது தண்ணீர் கட்டும் நாட்களில் போனால், லாண்ட்மாஸ்டர் பின்னால் மாட்டுக்கொக்கு, வரம்போரம் நடுத்தரக் கொக்கு, வாய்க்காலில் சின்னக் கொக்கு, தூரத்துப் பள்ளத்தில் பெரிய கொக்கு என்று நான்கையும் நின்ற இடத்திலிருந்து எண்ணலாம். பயிர் உயர்ந்த பிறகு தலை மட்டும்தான் தெரியும். மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்துச் சதுப்பும் நல்ல இடம். நிலாவெளி, இறக்கக்கண்டிக் களப்போரங்களில் சின்னக் கொக்கு அதிகம். கரைவலை இழுக்கும் இடத்தில் அது மனிதர் காலடி வரை வரும், போனிலேயே பாதம் வரை எடுக்கலாம்.

நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கமோ சீனக்குடா விமானத்தள வேலிக்குப் பக்கமோ நிற்காதீர்கள். கொக்கைத்தான் எடுத்தேன் என்று காவலில் நிற்பவருக்கு விளங்கப்படுத்த நெடுநேரம் எடுக்கும், கொக்கு அதற்குள் போய்விடும்.

கூடு கட்டியிருக்கும் மரத்தைப் படம் எடுக்கலாமா?

தூரத்தில் நின்று எடுக்கலாம். மரத்தடிக்குப் போனால் பெரியவை எழும்பிவிடும், காகம் அதற்காகத்தான் காத்திருக்கும். ஐந்து நிமிடம் கூடு தனியாகக் கிடந்தால் முட்டை போய்விடும், இல்லாவிட்டால் உச்சி வெயிலில் குஞ்சு வாடிவிடும். இலங்கையில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனசீவராசிகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் மரத்தடியில் சட்டம் பார்க்க யாரும் நிற்பதில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால்?

"வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள். என் கணினியில் அந்தப் பெயரில் ஒரு கோப்புறையே இருக்கிறது. அடுத்த வருடம் திறந்தால் அதில் நான்கைந்து தெளிவாகிவிடும்.

நகத்தில் பூப்போடும் கொக்கு இந்த நான்கில் எது?

இது உப்புவெளியில் இருந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அம்மாவின் போனில் குரல்பதிவாகக் கேட்டது. சாயங்காலம் கூட்டமாகப் போகும் கொக்கைப் பார்த்து விரல் நகத்தை உரசிக்கொண்டு பூக் கேட்பார்களே, அது எந்தக் கொக்கு என்று. நானும் கேட்டவன்தான், ஆனால் அப்போது யோசிக்கவில்லை. மாலையில் தாழ்வாக, வரிசையாக, அடையும் மரத்தைப் பார்த்துப் போகும் பெரிய கூட்டம் பெரும்பாலும் மாட்டுக்கொக்குத்தான். ஆகவே அந்த வெள்ளைப் பொட்டுகளை அதன் கணக்கில் எழுதச் சொன்னேன். உடனே அடுத்த குரல்பதிவு வந்தது: "அப்ப மற்ற மூன்றும் ஒன்றும் தராதா, மாமா?"